மூன்று ஹாபிட்களை வைத்து ஒரு டெக் கட்டுவது எப்படி

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அட்டை விளையாட்டில் தீம் டெக், அதாவது ஒரே கதைக் கூட்டத்தை வைத்து ஓர் அட்டைக் கட்டு, கட்டுகிறேன் என்று உட்காருபவர்களில் பலர் முதலில் பெயர் பார்த்து அட்டை பொறுக்குகிறார்கள். ரோஹன் டெக் என்றால் ரோஹன் என்று அச்சடித்திருக்கும் எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவிப்பது, குள்ளர் டெக் என்றால் தாடி வைத்தவர்களை எல்லாம் ஒன்றாக அடுக்குவது. அப்படிக் குவித்தாலும் டெக் ஓடும், சில சமயம் நன்றாகவே ஓடும். ஆனால் ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு கதை நடந்த திருப்தி இருக்காது. எனக்கு இந்த விளையாட்டில் அந்தக் கதைதான் முக்கியம். அதனால் அட்டையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்வேன்: இந்தக் கூட்டம் எப்படிப் பிழைக்கும், எப்படி அடிக்கும்? அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யும் அட்டைதான் உள்ளே வரும். பெயர் பொருந்துகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் பேசுவது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்’ பற்றி. நேட் ஃபிரெஞ்ச் வடிவமைத்து 2011-இல் ஃபேண்டஸி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்டது. ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் ஆட்டம் இல்லை. மேசையில் இருக்கும் எல்லோரும் ஒரே பக்கம், எதிரி, பகைவர்களையும் இடங்களையும் புரட்டிப் போடும் என்கவுன்டர் டெக் மட்டும். பெட்டிக்குள் என்ன அட்டை இருக்கும் என்பதும் முன்பே தெரியும், லாட்டரி மாதிரி பாக்கெட் பிரித்துப் பார்க்கும் வேலை கிடையாது. இப்போது புதிதாக வாங்குபவர்கள் 2022-இல் வந்த திருத்திய கோர் செட்டை வாங்குங்கள். ஹாபிட் டெக்குக்கு அதோடு ‘தி பிளாக் ரைடர்ஸ்’ பெட்டியின் அட்டைகளும் வேண்டும். அது 2012-இல் தனியாக வந்தது, பிறகு ‘ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’ சாகா பெட்டிக்குள் சேர்ந்துவிட்டது. கீழே நான் சொல்லும் அட்டைகளில் சில வேறு பழைய பெட்டிகளில் வந்தவை. கையில் இல்லாததை விட்டுவிட்டு, அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யும் வேறொன்றை வையுங்கள்.

அடிப்படை விதி இவ்வளவுதான்: மூன்று ஹீரோ வரை, அவர்கள் போக குறைந்தது 50 அட்டை, ஒரே பெயரில் 3-க்கு மேல் கூடாது. அட்டைகள் நான்கு வட்டங்களாகப் பிரிந்திருக்கும். லீடர்ஷிப் ஊதா, டாக்டிக்ஸ் சிவப்பு, ஸ்பிரிட் நீலம், லோர் பச்சை. சாம்பல் நிறத்தில் இருப்பவை பொதுவானவை, அவற்றுக்கு யார் வேண்டுமானாலும் காசு கொடுக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஹீரோவுக்கு ஆளுக்கு 1 ரிசோர்ஸ், அதுதான் காசு; நமக்கு 1 அட்டை. நாம் எதிரியின் கண்ணில் எவ்வளவு படுகிறோம் என்று காட்டும் எண் த்ரெட், சுற்று முடிவில் அது 1 ஏறும். அது 50-ஐத் தொட்டால் நாம் வெளியே.

சரி, கதையின் குட்டி உருவ மனிதர்களான ஹாபிட்களுக்கு வருவோம். என் வாக்கியம் இது: பெரிய பகைவன் நம்மைக் கவனிக்காமல் நிற்கும்போது நாமே போய் அவனை வம்புக்கு இழுக்கிறோம்.

இந்த வாக்கியம் விளையாட்டின் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஹீரோ ஒவ்வொருவருக்கும் ஒரு த்ரெட் எண் உண்டு, மூன்றையும் கூட்டினால் வருவது நம் தொடக்க த்ரெட். எதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு என்கேஜ்மென்ட் எண். நம் த்ரெட் அந்த எண்ணை எட்டிவிட்டால் அவன் தானாக நம்மேல் பாய்வான். எட்டாதவரை தூரத்தில், ஸ்டேஜிங் பகுதியில், நின்றுகொண்டு நம் பயணத்தை மட்டும் இடைஞ்சல் செய்வான். ஆனால் சுற்றுக்கு ஒரு எதிரியை நாமாக விரும்பி நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

லீடர்ஷிப் ஹீரோ சாம் காம்ஜிக்கு 8, டாக்டிக்ஸ் ஹீரோ மெர்ரிக்கு 6, லோர் ஹீரோ பிப்பினுக்கு 6. கூட்டினால் 20. மூன்று ஹீரோவோடு இவ்வளவு கீழே தொடங்கும் கூட்டம் அபூர்வம். எதிரியின் எண் நம் த்ரெட்டைவிட அதிகமாக இருந்து, அவனை நாம் இழுத்தால், ஒரு வேலை செய்து களைத்து உட்கார்ந்திருந்த சாம் அடுத்த வேலைக்கு எழுந்து நிற்கிறான், அந்தச் சுற்று முழுக்க அவன் மனவலிமை, தாக்குதல், தற்காப்பு மூன்றும் 1 கூடும். அதே காரியத்துக்குப் பிப்பின் ஒரு அட்டை எடுத்துக் கொடுக்கிறான். மெர்ரியின் சொந்தத் தாக்குதல் 0. ஆனால் நம்மிடம் இருக்கும் ஹாபிட் ஹீரோ ஒவ்வொருவருக்கும் 1 கூடும் என்பதால் மூன்று பேரும் சேர்ந்து நிற்கும்போது அவன் தாக்குதல் 3. தனியாக நின்றால் ஒன்றுமில்லாதவன், நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் வீரன். இதை யோசித்துச் செய்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஹாபிட் என்று மேலே எழுதியிருப்பதால் இது ஹாபிட் டெக் ஆகவில்லை, இவர்கள் நடந்துகொள்ளும் விதத்தால் ஆகிறது.

ஹீரோ முடிந்ததும் கைக்கும் உடம்புக்கும் வேண்டியதைப் பாருங்கள். ஹாபிட் க்ளோக் போட்டவனுக்குத் தற்காப்பு 1 கூடும், கவனிக்காமல் நின்ற எதிரி அடித்தால் 2 கூடும். டாகர் ஆஃப் வெஸ்டர்னெஸ் அதையே தாக்குதலுக்குச் செய்யும். இரண்டுக்கும் விலை 1. ஃபாஸ்ட் ஹிட்ச் 1 விலையில் ஒரு ஹாபிட்டைச் சுற்றுக்கு ஒரு முறை மறுபடி எழுப்பும். இந்த மூன்றிலும் தலா 3 வையுங்கள், யோசிக்கவே வேண்டாம். தற்காப்பை 1 கூட்டும் ரிங் மெயில் 2 போதும். அன்சீன் ஸ்ட்ரைக் என்ற ஈவென்ட், அதாவது ஒரு முறை பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் அட்டை, கவனிக்காத எதிரியை அடிக்கும்போது தாக்குதலை 3 கூட்டும், அதுவும் 3.

ஒளிந்து பிழைப்பதற்கு ராடகாஸ்ட்ஸ் கன்னிங் 3, சீக்ரெட் பாத்ஸ் 2. முதலாவது தூரத்தில் நிற்கும் ஒரு எதிரியின் இடைஞ்சலை அந்தக் கட்டத்துக்கு இல்லாமல் செய்யும், இரண்டாவது அதையே ஒரு இடத்துக்குச் செய்யும். ஃபெய்ன்ட் 3, அடிக்க வந்தவன் அந்தக் கட்டத்தில் அடிக்காமல் போவான். டேக் நோ நோட்டீஸ் 2, அந்தச் சுற்றுக்கு எதிரிகளின் என்கேஜ்மென்ட் எண்ணை 5 ஏற்றிவிடும். ஸ்ட்ரைடர்ஸ் பாத் 2, புதிதாக வந்த இடத்துக்கு உடனே பயணம் போகலாம். இவற்றில் ஒன்றில்கூட ஹாபிட் என்ற சொல் பெரிதாக இல்லை. ஆனாலும் மேசையில் விழும்போது ஒவ்வொன்றும் ஹாபிட் கதையாகத்தான் இருக்கும்.

கூட்டாளிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஹாபிட்களின் ஊரான ஷயரிலிருந்து கிளம்பிய மூன்று பேர் வழியில் யாரைச் சந்தித்திருக்க முடியும் என்று கேட்டுக்கொள்வேன். கேண்டால்ஃப் 3, கேள்வியே இல்லை. பில் என்ற குட்டிக் குதிரை 2, அது பக்கத்தில் இருந்தால் ஹாபிட்களுக்கு ஆளுக்கு 1 உயிர் கூடும். மெர்ரிக்கும் பிப்பினுக்கும் இருப்பதே 2 உயிர் என்பதால் இது பெரிய விஷயம். காட்டில் சந்திக்கும் கில்டோர் இங்லோரியன் 2, லோரியனின் ஹால்டிர் 2. காயத்துக்கு மருந்து போட டாட்டர் ஆஃப் தி நிம்ரோடெல் 3. இந்த வேலைக்குப் பலரும் வார்டன் ஆஃப் ஹீலிங்கை வைப்பார்கள், அவர் விலை 2, இவள் 3. ஆனால் வார்டன் கோண்டோர் நாட்டு வைத்தியர், நம் மூவர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அதோடு இவள் ஒரே ஹீரோவின் 2 காயத்தை ஒரு மூச்சில் ஆற்றுவாள். சாமுக்கு மொத்தமே 3 உயிர்தான், அவனுக்கு இதுதான் வேண்டும்.

இந்த டெக்கில் எனக்கு மிகப் பிடித்த கூட்டாளி சன் ஆஃப் ஆர்னோர். மூன்று அட்டையும் வைத்திருக்கிறேன். வடக்கின் ரேஞ்சர்கள் ஷயரின் எல்லையை யாருக்கும் தெரியாமல் காவல் காத்தவர்கள், கதையில் அவர்கள் இடம் அங்கேதான். விளையாட்டில் இவர் மேசைக்கு வந்ததும் தூரத்தில் நிற்கும் ஒரு எதிரியை நம் பக்கம் இழுத்துவிடலாம். அது நடப்பது பிளானிங் கட்டத்தில், அதாவது குவெஸ்ட்டுக்கு, மனவலிமையை வைத்துக் கதையை நகர்த்தும் பயணத்துக்கு, புறப்படுவதற்கு முன்பே. எதிரி ஸ்டேஜிங்கை விட்டு விலகிவிட்டதால் பயணத்துக்கு இடைஞ்சல் குறைகிறது, பிப்பின் ஒரு அட்டை எடுக்கிறான், சாமின் மனவலிமை 3-லிருந்து 4 ஆகிறது. ஒரே அட்டையில் மூன்று காரியம். பொதுவாக யாரும் திரும்பிப் பார்க்காத அட்டை இது. சரியான கூட்டத்துக்குள் வைத்தால் எப்படி மின்னுகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விலை 2, சுற்றுக்கு 2 ரிசோர்ஸ் கூடுதலாகத் தரும், விளையாட்டின் மிக வலுவான அட்டைகளில் ஒன்று. லீடர்ஷிப் இருக்கும் டெக் என்றாலே எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். என் தம்பியும் அதைத்தான் நீட்டினான்.

“வைக்கா, பிப்பினுக்கு லோர் காசு பத்தவே பத்தாது.”

“பிப்பின் எப்படிடா கோண்டோரை ஆளப் போவான்? தோட்டத்துல காளான் திருடுற பையன்.”

“காசு வந்தா போதும்ல?”

போதாது. அந்த அட்டை உள்ளே வந்த நிமிடமே இது எல்லோருடைய டெக்கும் மாதிரி ஆகிவிடும். ஆனால் தம்பி சொன்ன பிரச்சினை உண்மையானது. நம் 50-இல் 19 அட்டை லோர், அவற்றுக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியவன் பிப்பின் ஒருவன்தான். ஆக, தேவையை ஒப்புக்கொண்டு, அதே தேவையைக் கதைக்குள்ளிருந்து தீர்க்கும் அட்டையைத் தேடுங்கள். இங்கே அது ரிசோர்ஸ்ஃபுல். விலை 4, ஆனால் த்ரெட் 20 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 3 தள்ளுபடி. ஒளிந்து வாழ்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது, பெயரே சீக்ரெஸி. 1 கொடுத்துப் பிப்பினுக்குப் போட்டால் அவனுக்குச் சுற்றுக்கு 1 கூடுதலாக வரும். அதில் 3. அதே சலுகையோடு வரும் டைம்லி எய்ட்டிலும் 3: டெக்கின் மேல் 5 அட்டையைப் புரட்டி, அதில் ஒரு கூட்டாளியைக் காசில்லாமல் இறக்கலாம். நம்மிடம் கூட்டாளி 15 இருப்பதால் புரட்டும் ஐந்தில் ஒருவராவது இருக்க சுமார் 85 சதவீதம் வாய்ப்பு. 5 விலை கொண்ட கில்டோர் முதல் சுற்றிலேயே 1 காசுக்கு வந்து நின்றால் அந்த ஆட்டம் தனி சுகம்.

கடைசியாக ஸ்னீக் அட்டாக் 3. 1 காசுக்குக் கேண்டால்ஃபை ஒரு கட்டத்துக்கு மட்டும் வரவழைத்து, கட்டம் முடிந்ததும் கைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேண்டால்ஃப் வரும்போதெல்லாம் மூன்றில் ஒன்றைச் செய்வார்: 3 அட்டை எடுப்பது, ஒரு எதிரிக்கு 4 காயம், அல்லது நம் த்ரெட்டில் 5 குறைப்பது. எண்ணிப் பாருங்கள், கூட்டாளி 15, ஆட்களுக்கு மாட்டும் அட்டாச்மென்ட் 14, ஈவென்ட் 21, ஆக 50.

இந்த 50-ஐத் தாண்டாதீர்கள். இன்னும் ரெண்டு நல்ல அட்டை சேர்த்தால் என்ன என்று கை பரபரக்கும், எனக்கும் பரபரக்கும். ஆனால் 3 பிரதி வைத்த ஓர் அட்டை தொடக்கக் கையின் 6-இல் வர வாய்ப்பு சுமார் 32 சதவீதம்தான். வந்த கை பிடிக்காமல் ஒரு முறை மாற்றிக்கொண்டால் மொத்தம் 54 ஆகும். சேர்க்கும் ஒவ்வொரு அட்டையும் இதைக் கீழே இழுக்கும். மாற்றலாமா வேண்டாமா என்பதற்கு என் கணக்கு: கையில் க்ளோக்கோ டாகரோ ஒன்று, ரிசோர்ஸ்ஃபுல்லோ டைம்லி எய்ட்டோ ஒன்று. இரண்டு வகையிலும் ஒன்றுகூட இல்லாத கையை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சீக்ரெஸி சலுகை முதல் சுற்றில் மட்டும் நிச்சயம், ஏனென்றால் தொடக்கமே 20. இரண்டாவது சுற்றில் 21 ஆகிவிடும்.

டெக் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க, முதல் சினாரியோ ‘பாசேஜ் த்ரூ மிர்க்வுட்’ போதும். தொடக்கத்திலேயே ஒரு ஃபாரஸ்ட் ஸ்பைடரும் ஓல்டு ஃபாரஸ்ட் ரோடும் ஸ்டேஜிங்கில் நிற்கும். முதல் சுற்றில் மூவரிடமும் ஆளுக்கு 1 காசு. சாமின் காசில் அவனுக்கே க்ளோக், மெர்ரியின் காசில் டாகர், பிப்பினின் காசில் ரிசோர்ஸ்ஃபுல். மெர்ரியை நிறுத்திவிட்டு மற்ற இருவரையும் குவெஸ்ட்டுக்கு அனுப்புங்கள், மனவலிமை 3-ம் 2-ம் ஐந்து. எதிரே இடைஞ்சல் சிலந்திக்கு 2, சாலைக்கு 1, அதோடு புதிதாகப் புரளும் அட்டை. அப்புறம் சாலைக்குப் பயணம் போனால் ஒருவரை எழுப்பலாம், பிப்பினை எழுப்புங்கள். இப்போது சிலந்தியை இழுக்க வேண்டும். அதன் எண் 25, நம்முடையது 20. சாம் எழுந்துவிட்டான், பிப்பின் ஒரு அட்டை எடுத்தாயிற்று. சிலந்தியின் தாக்குதல் 2, மோதிய சுற்றில் 1 கூடி 3. சாமின் தற்காப்பு 1, எழுந்ததற்கு 1, க்ளோக்குக்கு 2, மொத்தம் 4. எதிரி அடிக்கும்போது அதோடு சேர்ந்து வரும் நிழல் அட்டை கெடுதல் செய்யாவிட்டால் ஒரு கீறலும் விழாது. திரும்ப அடிக்கும்போது மெர்ரி 3, டாகர் 2, ஆக 5. சிலந்தியின் தற்காப்பு 1 போக 4. அதன் உயிர் சரியாக 4. டாகர் வராமல் போயிருந்தால் மெர்ரியும் பிப்பினும் சேர்ந்து அடித்தும் 1 குறைந்திருக்கும். அந்த ஓர் அட்டையை ஏன் 3 வைக்கச் சொன்னேன் என்று இப்போது தெரியும்.

இந்த டெக்குக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. குவெஸ்ட்டில் ஒரு முறைகூடச் சறுக்காவிட்டாலும் ஆறாவது சுற்றில் த்ரெட் 25. அப்போது வரும் அதே சிலந்தி நம்மைப் பார்த்துவிடும். சாம் எழ மாட்டான், பிப்பினுக்கு அட்டை கிடையாது, க்ளோக்கும் டாகரும் பாதி பலம். ஆகவே கேண்டால்ஃப் வந்தால் ஆரம்பத்தில் எப்போதும் த்ரெட்டைக் குறைக்கவே பயன்படுத்துங்கள். 21-இல் குறைத்தால் 16, சீக்ரெஸி கதவு மறுபடி திறக்கும். காயம் கொடுக்க, அட்டை எடுக்க எல்லாம் பின்னால் நேரம் இருக்கிறது. எல்லா எதிரியையும் இழுக்க வேண்டும் என்றும் இல்லை. ஹம்மர்ஹார்ன்ஸ் என்ற பூச்சிக் கூட்டத்தின் எண் 40, ஆசை காட்டும். ஆனால் இழுத்த உடனே நம் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கு 1 காயம். பில் இல்லாதபோது அதைத் தொடாமல் தூரத்திலேயே விட்டுவிடுங்கள், அங்கே நின்றால் அதன் இடைஞ்சல் 1-தான்.

இருவராக விளையாடினால் இன்னும் நிம்மதி. நம் டெக்கில் ஸ்பிரிட் கிடையாது, ஆகவே திடீரென்று புரளும் கெட்ட அட்டையை ரத்து செய்யும் எ டெஸ்ட் ஆஃப் வில் நம்மிடம் இல்லை. அதைத் திணிக்க வழி தேடாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். என் தம்பி ஏயோவினை வைத்து ரோஹன் டெக் கொண்டுவருவான், அவள் மனவலிமை 4. குவெஸ்ட்டை அவன் சுமப்பான், நான் எதிரிகளை இழுப்பேன். ஆனால் அட்டை அடுக்குவதற்கு முன்னால் இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: தனித்துவக் குறி உள்ள ஆள் மேசை முழுவதற்கும் ஒருவர்தான். அவன் கேண்டால்ஃபை இறக்கி வைத்திருந்தால் என் கையில் இருப்பவர் உள்ளே வர முடியாது. எங்கள் வீட்டில் கேண்டால்ஃப் என் பக்கம் என்று முடிவாகிவிட்டது, பதிலுக்கு அவன் கேட்ட குதிரைகளைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

மிர்க்வுட்டில் ஓடிய பிறகு ‘ஜர்னி அலாங் தி அன்டுயின்’ போங்கள். அங்கே ஹில் ட்ரோல் காத்திருக்கும்: எண் 30, தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர் 9. அதன் அடியைத் தடுக்க உயிர் குறைந்த கூட்டாளியைப் பலி கொடுக்கக் கூடாது, மிஞ்சிய காயம் அத்தனையும் நம் த்ரெட்டில் ஏறும். ஒளிந்து பிழைக்கும் கூட்டத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. க்ளோக்கும் ரிங் மெயிலும் போட்ட சாம் தயாராகும்வரை இழுக்காதீர்கள், ராடகாஸ்ட்ஸ் கன்னிங் வைத்துச் சமாளியுங்கள். இழுத்த சுற்றில் அவன் தற்காப்பு 5 ஆகும், விழுவது 1 காயம். அதே காம்பேட் கட்டத்தில் ஸ்னீக் அட்டாக்கில் கேண்டால்ஃபை இறக்கினால் வந்ததும் 4 காயம், பிறகு அவருடைய 4-ம் டாகரோடு மெர்ரியின் 5-ம் சேர்ந்து 9, தற்காப்பு 3 போக 6. மொத்தம் 10, ட்ரோலுக்கு 9 போதும். இந்த ஐந்து அட்டையும் கையில் சேர்வதற்குள் த்ரெட் 30-ஐத் தொட்டுவிடக் கூடாது, அதனால் அன்டுயினில் மட்டும் ஒரு ஸ்ட்ரைடர்ஸ் பாத்தை எடுத்துவிட்டு மூன்றாவது டேக் நோ நோட்டீஸை வைத்துக்கொள்கிறேன்.